முழங்கால் சில்லு வலி: நடையை நிறுத்திவிட வேண்டுமா?

பெரியதாழைக் கடற்கரையில் பொழுது புலரும் முன்பே கால்களின் உழைப்பு தொடங்கிவிடுகிறது. வள்ளங்களைத் தள்ளிக் கடலில் இறக்குவோர் ஒருபுறம். காவலர் தேர்வை எண்ணி ஈரமணலில் ஓடிப் பழகும் இளைஞர்கள் மறுபுறம். சர்க்கரை நோய்க்கு நடை நல்லது என்று மருத்துவர் கூறியதை ஏற்றுக் கிழக்குக் கடற்கரைச் சாலையோரமாக நடக்கும் நடுவயதினரும் உண்டு. இவர்களோடு, மணப்பாடு திருச்சிலுவைத் திருவிழாவுக்கும் திருச்செந்தூர் முருகன் கோயிலுக்கும் வேளாங்கண்ணிக்கும் நேர்ந்துகொண்டு நடைப்பயணம் செல்வோர் அந்தந்தக் காலத்தில் சேர்ந்துகொள்கின்றனர்.

இவர்களுள் பலர் சில வாரங்களுக்குள் ஒரே முறையீட்டுடன் மருத்துவமனைக்கு வருகின்றனர். முழங்காலின் முன்பக்கம் வலிக்கிறது, படியிறங்கும்போது கூடுகிறது, பேருந்தில் நெடுநேரம் உட்கார்ந்து எழுந்தால் கால் பிடித்துக்கொள்கிறது என்கின்றனர். கூடவே ஓர் அச்சமும் வருகிறது: “சில்லு தேய்ந்துவிட்டதா? இனி நடக்கவே கூடாதா?”

பெரும்பாலோர்க்கு எங்கள் விடை இதுதான்: சில்லு தேய்ந்துவிடவில்லை, நடையை விட்டுவிடவும் வேண்டியதில்லை. ஆனால் வலியைப் பொருட்படுத்தாமல் பழையபடியே நடப்பதும் ஓடுவதும் சரியன்று. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட வழி எது என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

சில்லின் வேலை என்ன?

முழங்காலின் முன்னால் நாம் தொட்டு உணரக்கூடிய வட்ட எலும்பைச் சில்லு என்றும் சிப்பி என்றும் சிரட்டை என்றும் பலவாறாக அழைக்கிறோம். தொடையின் முன்புறத் தசை திரண்டு நாணாக மாறும் இடத்தில் இந்த எலும்பு பொதிந்திருக்கிறது. கிணற்று உருளையின் மீது கயிறு செல்வதால் வாளியை இழுப்பது எளிதாவதுபோல, சில்லு இருப்பதால் தொடைத்தசை குறைந்த விசையில் காலை நீட்ட முடிகிறது.

காலை மடக்கும்போதும் நீட்டும்போதும் தொடை எலும்பின் முனையில் உள்ள பள்ளத்தில் சில்லு மேலும் கீழும் வழுக்கிச் செல்கிறது. அதன் உட்பக்கத்தைக் குருத்தெலும்பு போர்த்தியிருக்கிறது. முத்துச்சிப்பியின் உட்புறம் போல அது வழுவழுப்பானது. உடலின் மூட்டுகளிலேயே மிகத் தடித்த குருத்தெலும்பு இங்குதான் உள்ளது. காரணம், இந்த மூட்டு தாங்கும் சுமை அவ்வளவு பெரிது.

1972-இல் வெளியான ஓர் ஆய்வின் கணக்குப்படி, சமதளத்தில் நடக்கும்போது சில்லின் மீது விழும் அழுத்தம் உடல் எடையில் ஏறத்தாழப் பாதி. படி ஏறி இறங்கும்போது அது மூன்று மடங்குக்கு மேல். ஆழக் குந்தி எழும்போது ஏழு மடங்குக்கு மேல். அறுபது கிலோ எடையுள்ள ஒருவர் சமதரையில் நடந்தால் சில்லின் மீது சுமார் 30 கிலோ. படியில் சுமார் 200 கிலோ. குந்தி எழுகையில் 400 கிலோவுக்கும் மேல். சமதரையில் நடக்கையில் தோன்றாத வலி படியில் ஏன் தோன்றுகிறது என்பது இந்த எண்களிலிருந்தே விளங்கும்.

வலி எங்கிருந்து வருகிறது?

முற்காலத்தில் இவ்வலிக்குச் சில்லின் குருத்தெலும்பு மென்மையடைதலே காரணம் என்று கருதினர். இன்று அக்கருத்து மாறியுள்ளது. குருத்தெலும்பில் வலியுணர்வு நரம்புகள் கிடையா. சில்லுக்கு அடியிலுள்ள எலும்பு, அதைச் சுற்றியுள்ள இழைகள், மூட்டின் உட்சவ்வு, சில்லுக்குக் கீழேயுள்ள கொழுப்புத் திண்டு ஆகியவையே வலியை உணர்பவை. பழக்கமில்லாத அளவுக்குத் திடீரெனச் சுமை கூடும்போது இவை எரிச்சலடைகின்றன. ஒரு மாதம் வீட்டிலிருந்துவிட்டு ஒரே வாரத்தில் நாள்தோறும் பத்துக் கிலோமீட்டர் நடப்பவருக்கும், தேர்வு அறிவிப்பு வந்த மறுநாளே முழு வேகத்தில் ஓடத் தொடங்குபவருக்கும் நேர்வது இதுவே.

தொடைத்தசையும் இடுப்பின் பக்கவாட்டுத் தசையும் வலுவிழந்திருந்தால் சுமையைப் பகிர்ந்துகொள்ள ஆளில்லாமல் போகிறது. இவ்வலி ஆண்களைவிடப் பெண்களிடம் அதிகம் காணப்படுகிறது.

மடக்கி நீட்டும்போது முழங்காலில் கேட்கும் நறநறவென்ற ஓசையைப் பற்றியும் ஒரு சொல். வலியில்லாத கால்களிலும் அவ்வோசை மிகப் பரவலாக உண்டு. ஓசை மட்டும் கேட்டால் அது தேய்மானத்தின் அடையாளம் அன்று.

எப்படி அறிவது?

சில்லின் பின்புறமோ அதைச் சுற்றியோ தோன்றும் வலி, குந்தும்போது, படியில் இறங்கும்போது, மண்டியிடும்போது, ஓடும்போது கூடினால் அது பெரும்பாலும் சில்லு வலியே. முழங்காலை மடக்கியபடி நெடுநேரம் உட்கார்ந்திருக்கையில் வலிப்பதும் இதன் அடையாளம். வலி எங்கே என்று கேட்டால் ஒரே புள்ளியைச் சுட்டாமல், உள்ளங்கையால் முழங்காலின் முன்பக்கம் முழுவதையும் மூடிக்காட்டுவோர் பலர். இதை உறுதிசெய்யப் பெரும்பாலும் வினவலும் கைப்பரிசோதனையும் போதும். எக்ஸ்ரேயோ ஸ்கேனோ எல்லோர்க்கும் தேவைப்படுவதில்லை.

ஆனால் முழங்காலின் முன்புற வலி எல்லாம் இதுவன்று. சில்லுக்குச் சற்றுக் கீழே ஒரே இடத்தில் தொட்டால் வலித்தால், நாண் பாதிக்கப்பட்டிருக்கலாம். வளரும் சிறுவர்களுக்குக் கணைக்கால் எலும்பின் மேல்முனையில் மேடு தட்டி வலிப்பதுண்டு. முழங்காலின் வெளிப்பக்கம் மட்டும் வலிப்பது ஓடுவோரிடம் காணப்படும் வேறொரு தொல்லை. அடிக்கடி மண்டியிடுவோர்க்குச் சில்லின் மேல் நீர்ப்பை வீங்கலாம். ஐம்பது வயதைக் கடந்தோர்க்கு மூட்டுத் தேய்மானமும் சேர்ந்திருக்கக்கூடும். எனவே தாமாகவே முடிவு கட்டாமல் ஒருமுறை மருத்துவரிடம் காட்டிக்கொள்வது நல்லது.

காலம் தாழ்த்தாமல் வர வேண்டியவை

கீழ்க்கண்டவற்றுள் ஏதேனும் இருந்தால் பயிற்சியில் இறங்காமல் முதலில் மருத்துவமனைக்கு வாருங்கள்.

– அடிபட்டபின் சில மணி நேரத்துக்குள் முழங்கால் வீங்குதல். காலை ஊன்ற முடியாமை
– சில்லு இடம்விட்டு விலகியதுபோன்ற உணர்வு
– முழங்கால் மடங்கிய நிலையிலேயே பூட்டிக்கொள்ளுதல், அல்லது திடீரெனக் காலை வாரிவிடுதல்
– காய்ச்சலுடன் மூட்டு சிவந்து சூடாயிருத்தல்
– ஓய்விலும் இரவு உறக்கத்திலும் விடாத வலி, காரணமற்ற எடைக்குறைவு
– ஆடுசதை வீங்கி வலித்தல்
– பத்து முதல் பதினைந்து வயதுள்ள பிள்ளை முழங்கால் வலிக்கிறதென்று நொண்டுதல்

கடைசியாகக் கூறியதைப் பெற்றோர் மறவாதிருக்க வேண்டுகிறோம். இவ்வயதில் இடுப்பு மூட்டில் உண்டாகும் கோளாறு சில நேரம் முழங்காலில் மட்டும் வலியாகத் தெரியும்.

முதல் மருந்து: சுமையை அளத்தல்

கனடாவின் கியூபெக் மாநிலத்தில் சில்லு வலியுள்ள 69 ஓட்டக்காரர்களை வைத்து நடந்த ஓர் ஆய்வு 2018-இல் வெளியாயிற்று. அவர்களை மூன்று குழுவாகப் பிரித்தனர். முதல் குழுவுக்குச் சுமையை எப்படிக் குறைப்பது, எப்படி மீண்டும் கூட்டுவது என்ற அறிவுரை மட்டும் வழங்கப்பட்டது. மற்ற இரு குழுக்களுக்கும் அத்துடன் உடற்பயிற்சியோ ஓடும் முறையைத் திருத்தும் பயிற்சியோ சேர்க்கப்பட்டது. எட்டு வாரங்களுக்குப் பின் மூன்று குழுவினரும் ஏறத்தாழ ஒரே அளவுக்குத் தேறியிருந்தனர். சுமையை அளந்து நடத்தலுக்கு எவ்வளவு ஆற்றல் உண்டு என்பதற்கு இது சான்று.

வலியைப் பூச்சியம் முதல் பத்து வரை எண்ணால் குறியுங்கள். பூச்சியம் என்றால் வலியில்லை. பத்து என்றால் தாங்கவொண்ணா வலி. நடக்கையிலோ ஓடுகையிலோ வலி மூன்றைத் தாண்டாமலும், மறுநாள் காலைக்குள் பழைய நிலைக்குத் தணிந்தும் இருந்தால், அந்த அளவு உங்கள் முழங்காலுக்கு ஏற்றது. மூன்றைத் தாண்டினாலோ மறுநாளும் நீடித்தாலோ தொலைவையும் வேகத்தையும் குறையுங்கள். முற்றிலும் நிறுத்திப் படுத்துவிட வேண்டாம். முழு ஓய்வில் தசை மெலிகிறது. மீண்டும் நடக்கும்போது அதே வலி திரும்புகிறது. சர்க்கரையும் இரத்த அழுத்தமும் உள்ளவர்க்கு நடை நின்றுபோவதால் வரும் கேடு இதைவிடப் பெரிது.

இரண்டாம் மருந்து: தொடைக்கும் இடுப்புக்கும் பயிற்சி

இத்துறை ஆய்வாளர்கள் 2018-இல் வெளியிட்ட உலகளாவிய ஒருமித்த கருத்துரை, தொடைக்கும் இடுப்புக்கும் சேர்ந்தே தரும் பயிற்சியை முதன்மைச் சிகிச்சையாகப் பரிந்துரைக்கிறது. மின்கருவிச் சிகிச்சைகளை அது பரிந்துரைக்கவில்லை. வீட்டிலேயே செய்யத்தக்க ஐந்து பயிற்சிகளை இங்கே தருகிறோம். முதல் முறை இயன்முறை மருத்துவரின் முன்னிலையில் செய்து பழகிக்கொள்ளுங்கள்.

1. தொடை இறுக்கம்: காலை நீட்டி உட்கார்ந்து, முழங்காலுக்கு அடியில் துண்டைச் சுருட்டி வையுங்கள். துண்டை அழுத்துவதுபோல் தொடையை இறுக்கி, ஐந்து எண்ணும் வரை வைத்திருந்து தளர்த்துங்கள்.

2. நேர்க்கால் தூக்கல்: மல்லாந்து படுத்து ஒரு காலை மடக்கி வைத்து, மற்றக் காலை மடக்காமல் ஒரு முழ உயரத்துக்கு மெல்லத் தூக்கி மெல்ல இறக்குங்கள்.

3. பக்கவாட்டுத் தூக்கல்: ஒருக்களித்துப் படுத்து, மேற்காலைச் சற்றே பின்னோக்கி வைத்துத் தூக்கி இறக்குங்கள். இடுப்பின் பக்கத்தில் களைப்புத் தோன்றினால் சரியாகச் செய்கிறீர்கள் என்று பொருள்.

4. இடுப்புத் தூக்கல்: மல்லாந்து படுத்து இரு முழங்கால்களையும் மடக்கி, பாதங்களை ஊன்றி இடுப்பை மேலே தூக்கி இறக்குங்கள்.

5. நாற்காலியிலிருந்து எழுதல்: உயரமான நாற்காலியிலிருந்து கைகளை ஊன்றாமல் மெல்ல எழுந்து மெல்ல உட்காருங்கள். முழங்கால்கள் உள்நோக்கிச் சாயாமல், பாதத்தின் நேரே இருக்கட்டும்.

ஒவ்வொன்றையும் பத்துப் பன்னிரண்டு முறை, மூன்று சுற்று, வாரத்துக்கு மூன்று நாள் செய்யுங்கள். எளிதானபின் சுற்றைக் கூட்டலாம். முதல் இரண்டு வாரங்களில் பெரிய மாற்றம் தெரியாமற்போகலாம். ஆறு முதல் பன்னிரண்டு வாரம் விடாது செய்வோரே பயன் காண்கின்றனர். பாதியில் கைவிடுவதே வலி திரும்புவதற்கு நாங்கள் அடிக்கடி காணும் காரணம்.

சில்லைத் தாங்கிப்பிடிக்கும் ஒட்டுப்பட்டையும் செருப்புக்குள் வைக்கும் தாங்குதிண்டும் தொடக்க வாரங்களில் வலியைக் குறைத்துப் பயிற்சிக்கு உதவலாம். பயிற்சிக்கு அவை மாற்று ஆகா. கடைகளில் கிடைக்கும் முழங்கால் உறைகளை மட்டும் நம்பியிருக்க வேண்டாம்.

மாத்திரையும் ஊசியும் அறுவையும்

வலி மாத்திரையைப் பற்றிக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. நெடுநடைக்குப் புறப்படும் முன் மருந்துக்கடையில் டைக்ளோஃபெனாக் போன்றவற்றை வாங்கி விழுங்கிவிட்டு நடப்பது தீங்கானது. வெயிலில் வியர்த்து உடலில் நீர் குறைந்திருக்கும் வேளையில் இம்மருந்துகள் சிறுநீரகத்தைத் தாக்கக்கூடும். சர்க்கரை நோய், இரத்த அழுத்தம், சிறுநீரக நோய், வயிற்றுப்புண் உள்ளவர்க்கு இந்த இடர் இன்னும் அதிகம். மேலும், வலியை மறைத்துவிட்டு நடப்பவருக்கு எங்கே நிறுத்துவது என்று உடல் சொல்லும் குறிப்பு கேட்காமல் போகிறது. மருத்துவர் எழுதித் தந்தாலன்றி இவற்றை உட்கொள்ளாதீர்கள்.

அறுவைச் சிகிச்சை இவ்வலிக்கு மிக அரிதாகவே தேவைப்படுகிறது. நாட்பட்ட சில்லு வலியுள்ள 56 பேரைக் கொண்டு பின்லாந்தில் நடத்தப்பட்டு 2007-இல் வெளியான ஆய்வில், மூட்டுக்குள் குழாய் செலுத்திச் செய்யும் சிகிச்சையுடன் பயிற்சியும் பெற்றவர்கள், பயிற்சி மட்டும் பெற்றவர்களைவிடக் கூடுதலாகத் தேறவில்லை.

மணலில் நடப்பதும் சாலையில் நடப்பதும்

“மணலில் நடந்தால் முட்டிக்கு நல்லதுதானே?” என்று பலர் கேட்கின்றனர். மணல் அதிர்ச்சியைத் தாங்கிக்கொள்வது உண்மைதான். ஆனால் உலர்ந்த பொதிமணலில் நடப்பதற்குக் கெட்டித்தரையைவிட இரண்டு மடங்குக்கு மேல் ஆற்றல் செலவாகிறது. ஓடுவதற்கு ஒன்றரை மடங்குக்கு மேல். தேரி மணலில் நடந்தவர்க்கு இதை நாம் விளக்க வேண்டியதில்லை. பழகாதவர் பொதிமணலில் நெடுநேரம் நடந்தால் களைத்த தசைகள் சில்லைக் காக்கத் தவறுகின்றன.

அலை நனைத்த ஈரமணல் கெட்டியாக இருக்கும். ஆனால் அது கடலை நோக்கிச் சரிந்திருக்கும். ஒரே திசையில் நெடுந்தொலைவு செல்கையில் ஒரு கால் தாழ்ந்தும் மறுகால் உயர்ந்தும் ஊன்றப்படுகிறது. எனவே குறுந்தொலைவு சென்று, அவ்வழியே திரும்பி, இரு கால்களுக்கும் சுமையைச் சமமாக்குங்கள். தார்ச்சாலையின் ஓரமும் இதுபோலவே சரிந்திருப்பதால், இயன்றவரை சமதளமான பாதையைத் தேர்ந்துகொள்ளுங்கள்.

நேர்ச்சை நடை செல்வோர்க்கு

நடைப்பயணத்துக்கு எட்டு வாரம் முன்பே ஆயத்தத்தைத் தொடங்குங்கள். இப்போது வலியின்றி எவ்வளவு நடக்க முடிகிறதோ அதிலிருந்து தொடங்கி, வாரந்தோறும் சிறிது சிறிதாகக் கூட்டுங்கள். வாரத்தில் ஒருநாளேனும் ஓய்வு வேண்டும். புதுச் செருப்புடன் பயணம் தொடங்காதீர்கள். வெறுங்காலுடன் நடப்பதாக நேர்ந்துகொண்டவர்கள் ஆயத்த நாள்களிலேயே சிறிது தொலைவு அவ்வாறு நடந்து பழகவேண்டும். விடியும் முன் புறப்பட்டு, வெயில் ஏறும்போது நிழலில் தங்குங்கள். தண்ணீரை அடிக்கடி அருந்துங்கள்.

மண்டியிட்டு வழிபடுவோர் மெத்தென்ற திண்டைப் பயன்படுத்துங்கள். வலி மிகுந்த வாரங்களில் உட்கார்ந்தே செபியுங்கள். வேளாங்கண்ணியில் மணற்பாதையில் முழங்காலால் நகர்ந்து செல்வதாக நேர்ந்துகொண்டவர்களுக்குச் சில்லு வலி இருந்தால், அந்த நேர்ச்சையை வேறு வடிவில் நிறைவேற்றலாமா என்று பங்குத்தந்தையிடம் கேட்டுப் பாருங்கள். கேட்பதில் குற்றமில்லை.

வலை பின்னுவோரும் அரிவாள்மனையில் மீன் அரிவோரும் நெடுநேரம் காலை மடக்கியிருக்கின்றனர். தாழ்வான முக்காலியில் அமர்ந்து, அரைமணிக்கு ஒருமுறை எழுந்து காலை நீட்டி நாலடி நடப்பது பெரிதும் உதவும்.

தேர்வுக்கு ஓடும் பிள்ளைகளுக்கு

தமிழ்நாடு சீருடைப் பணியாளர் தேர்வு வாரியத்தின் இரண்டாம் நிலைக் காவலர் தேர்வில் ஆண்கள் 1,500 மீட்டரை 7 நிமிடத்தில் ஓடி முடிக்க வேண்டும். ஒரு குடும்பத்தின் எதிர்காலமே அந்த ஏழு நிமிடத்தில் அடங்கியிருக்கையில், வலியை மறைத்து ஓடும் பிள்ளைகளின் மனநிலையை நாங்கள் அறிவோம். ஆயினும் மறைப்பதால் தேர்வு நாளில் ஓட முடியாமல் போகும் இடரே மிகுதி.

வேகப் பயிற்சியை வாரத்துக்கு இரண்டு நாளாக வரையறுங்கள். மற்ற நாள்களில் மெதுவாக ஓடுங்கள். வாத்து நடையையும் நூற்றுக்கணக்கான தோப்புக்கரணங்களையும் வலி தீரும்வரை தவிருங்கள். காலடியைச் சற்றுக் குறுக்கி, எண்ணிக்கையைக் கூட்டுங்கள். நிமிடத்துக்கு 160 அடி வைப்பவர் 168 முதல் 176 வரை வைத்தால், அதே வேகத்திலும் சில்லின் மீதான அழுத்தம் குறைகிறது. ஒரு நிமிடம் ஓடுகையில் வலக்கால் தரையைத் தொடுவதை எண்ணி இரண்டால் பெருக்கினால் உங்கள் கணக்கு தெரியும்.

வீட்டாருக்கு ஒரு வேண்டுகோள்

வலியென்று சொல்பவரிடம் “வயசாச்சு, இனி உட்கார்” என்றோ, “இதெல்லாம் ஒரு வலியா” என்றோ சொல்லாதீர்கள். இரண்டு சொல்லும் ஒரே தீங்கைச் செய்கின்றன. சிகிச்சையைத் தள்ளிப்போடச் செய்கின்றன. இவ்வலி தானாகவே போய்விடும் என்று விட்டவர்களுள் பலர்க்கு அது ஆண்டுக்கணக்கில் நீடிக்கிறது. ஐந்து முதல் எட்டு ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஓர் ஆய்வில், பாதிக்கும் மேற்பட்டோர் முழுமையாகத் தேறியிருக்கவில்லை. வலி தொடங்கி இரண்டு மாதத்துக்குள் சிகிச்சைக்கு வருவோர் தேறும் வாய்ப்பு அதிகம். பயிற்சி செய்யும் அரைமணி நேரம் வீட்டு வேலையிலிருந்து அவரை விடுவிப்பதும், முடிந்தால் அருகில் அமர்ந்து எண்ணிக்கை சொல்வதும் உங்கள் பங்கு.

தமிழ்நாடு அரசு 2023 நவம்பர் 4-ஆம் நாள் ‘நடப்போம் நலம் பெறுவோம்’ என்ற திட்டத்தைத் தொடங்கி, மாவட்டந்தோறும் 8 கிலோமீட்டர் நடைபாதையை அடையாளப்படுத்தியது. அப்போது மக்கள் நல்வாழ்வுத் துறை அமைச்சராக இருந்த மா. சுப்பிரமணியன், 2004-இல் சாலை விபத்தில் முழங்காலில் கடுங்காயமுற்றவர். பின்னர் நூற்றுக்கும் மேற்பட்ட நெடுந்தூர ஓட்டங்களை ஓடி முடித்தவர். அவருக்கு நேர்ந்தது விபத்துக் காயம். நாம் பேசுவது வேறு வகை வலி. எல்லோரும் அவ்வாறு ஓட வேண்டும் என்பதும் இல்லை. எனினும், முழங்காலில் ஒருமுறை துன்பம் வந்தால் நடையும் ஓட்டமும் முடிந்துவிட்டதாக எண்ண வேண்டியதில்லை என்பதற்கு அது நல்ல சான்று.

இன்று மாலை நீங்கள் செய்யத்தக்கது ஒன்றே. வலி மூன்றைத் தாண்டாமல் எவ்வளவு தொலைவு நடக்க முடிகிறது என்று பார்த்து ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை எங்களிடம் வரும்போது அத்தாளைக் கையோடு கொண்டுவாருங்கள். சிகிச்சையை அங்கிருந்தே தொடங்குவோம்.